விளையாட்டரங்கின் வாயில் வழியே

நுழையும்முன்

கால்பந்தாட்டத்தில் களத்தில் ஓடுவோர் இருபத்திருவர். அமர்ந்து காண்போர் பல்லாயிரவர். அமர்ந்திருப்போரையும் எழுந்து நடக்கச் செய்ய ஒரு விளையாட்டுக் கழகத்தால் இயலுமா? ஸ்காட்லாந்து நாட்டில் இதனைச் செய்து பார்த்தனர். அச்செய்தியையும், மட்டாஞ்சேரியில் வாழும் நம் குடும்பங்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

பந்தும் நாற்காலியும்

கொச்சி நகரம் கால்பந்தின்மீது கொண்ட பற்று நெடுநாளையது. 1973-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் இரயில்வே அணியை 3–2 என்னும் கணக்கில் வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. அம்மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. பின்னர் அவர் ‘கேப்டன் மணி’ என்றே அழைக்கப்பட்டார். 2014-ஆம் ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தோன்றியபின், கலூர் விளையாட்டரங்கு ஆட்ட நாள்களில் மஞ்சள் கடலாயிற்று. அவ்வணியின் இரசிகர் கூட்டத்திற்கு ‘மஞ்ஞப்பட’ என்று பெயர். மஞ்சள் படை என்று நாம் உடனே பொருள் கொள்ளலாம். மலையாளத்திற்கும் தமிழுக்கும் இடையே அவ்வளவு தொலைவுதான்.

ஆட்டம் காண்போர் அனைவரும் அரங்கிற்குச் செல்வதில்லை. வீட்டிலேயே தொலைக்காட்சிமுன் அமர்ந்து, பழம்பொரியும் தேநீருமாகத் தொண்ணூறு நிமிடமும் நாற்காலியை விட்டு எழாதவர்கள் பலர். ஆட்டக்காரர் ஒருவர் ஓட்டத்தைச் சற்றே தளர்த்தினால், “ஓடு, ஓடு” என்று உரக்கக் கூவுவோரும் இவர்களே!

நடை குறைந்த கதை

கொச்சிக்கு வந்த தமிழர் பல வழியினர். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்குத் தொழில் செய்வோரின் முன்னோர், ஒல்லாந்தர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இப்போதுள்ள கூடம் 1976-ஆம் ஆண்டில் அமைந்தது. துவைகல்லில் அடித்தல், கஞ்சி போடுதல், கயிற்றில் உலர்த்துதல், தேய்த்தல், மூட்டையை வீடுதோறும் சேர்த்தல் என அங்குள்ள ஒருவரின் ஒருநாள் உழைப்பை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தனியாக ஓர் உடற்பயிற்சி தேவைப்படவில்லை. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் நிறைந்த மூட்டைகளைச் சுமந்தோரும் அத்தகையோரே.

அடுத்த தலைமுறையின் வேலை மாறியது. கடையில் கல்லாப்பெட்டியின் அருகே அமர்தல், அலுவலகத்தில் கணினிமுன் அமர்தல், வண்டியோட்டும் இருக்கையில் அமர்தல் என எல்லாம் அமர்தலாயிற்று. பால் வாங்கும் கடைக்கும் இருசக்கர வண்டி செல்கிறது. உழைப்பு குறைந்தபோதும் உணவின் அளவு குறையவில்லை. மூட்டை சுமந்த தாத்தா உண்ட அதே அளவு சோற்றைக் கணினிமுன் அமரும் பேரனும் உண்கிறார். எஞ்சிய ஆற்றல் கொழுப்பாகி வயிற்றைச் சுற்றிப் படிகிறது.

உடல் எடை மிகுதியா என்பதை அறிய உடல் நிறைக் குறியீட்டெண் என்னும் கணக்கு ஒன்று உண்டு. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமும் 81 கிலோ எடையும் உடைய ஒருவருக்கு இவ்வெண் 28 ஆகும். ஐரோப்பியருக்கு 25 முதல் மிகை எடை என்பர். இந்தியருக்கு 23 முதலே மிகை எடை என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ளனர். நம்மவர் உடலில் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் தோன்றுவதே காரணம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் எச்சரிக்கைக் குறியே. தையற்கடை நாடா ஒன்று இருந்தால் இதனை வீட்டிலேயே அறியலாம்.

தொப்பையைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதனை எள்ளி நகைக்கும் வழக்கம் பரவியுள்ளது. இரண்டினாலும் ஒருவருக்கும் எடை குறைந்ததில்லை. பருத்த உடலைக் கேலி செய்தால் அம்மனிதர் வீட்டுக்குள்தான் ஒதுங்குவார். வீதியில் நடக்க வரமாட்டார்.

வராத ஆண்கள்

மேலை நாடுகளில் எடை குறைப்பதற்கான குழுக்கள் பல உள்ளன. அவற்றில் சேர்வோர் பெரும்பாலும் பெண்களே. ஆண்களுக்கும் எடை மிகுதி உண்டு. ஆயினும் ‘உணவுக் கட்டுப்பாடு பெண்களுக்குரியது’ என்னும் எண்ணத்தால் அவர்கள் அங்கே செல்லக் கூச்சப்பட்டனர். மருத்துவரோ நோய் முற்றிய பின்பே அவர்களைக் காண்கிறார். நம் நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. “நாளை முதல் நடக்கிறேன்” என்னும் தொடரை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினர். வராத ஆண்களை எவ்வாறு வரவழைப்பது என்று கேட்பதற்கு மாறாக, அவர்கள் ஏற்கெனவே விரும்பிச் செல்லும் இடம் எது என்று கேட்டனர். கால்பந்து அரங்கு என்பதே விடை. தந்தையின் கைபிடித்துச் சிறுவயதில் சென்ற அரங்கு. வெற்றி தோல்விகளில் ஆர்ப்பரித்தும் அழுதும் பழகிய அரங்கு. கேட் ஹன்ட், சாலி வைக் முதலிய பேராசிரியர்கள் வகுத்த அத்திட்டத்தின் பெயரைத் தமிழில் ‘பயிற்சியில் கால்பந்து இரசிகர்கள்’ எனலாம்.

பன்னிரண்டு வாரம்

2011-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் 13 தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் பங்கேற்றன. 35 முதல் 65 வயது வரையுள்ள 747 ஆண்கள் சேர்ந்தனர். அவர்களின் சராசரி எடை ஏறத்தாழ 109 கிலோ. அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். யார் எப்பிரிவு என்பதை ஆய்வாளர்கள் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையிலேயே முடிவு செய்தனர். ஒரு பிரிவினர் உடனே பயிற்சி பெற்றனர். மற்றவர் ஓராண்டு காத்திருந்து பின்னர்ப் பெற்றனர். எவரும் ஏமாற்றப்படவில்லை, இரு பிரிவையும் ஒப்பிடவும் முடிந்தது.

வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம், தத்தம் கழகத்தின் அரங்கிலேயே அவர்கள் கூடினர். கற்பித்தவர்கள் மருத்துவர் அல்லர், அக்கழகத்தின் பயிற்றுநர்களே. ஒவ்வோர் அமர்விலும் ஒரு பகுதி உணவைப் பற்றிய பேச்சு, மறுபகுதி உடற்பயிற்சி. தட்டில் எவ்வளவு எடுத்துக்கொள்வது, மதுவினால் சேரும் ஆற்றல் எவ்வளவு என்பன போன்றவை பேசப்பட்டன. எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே உடல்வாகினர், ஒரே அணியின் அன்பர். ஆகவே கூச்சம் அகன்றது. ஒருவரையொருவர் நகையாடிக்கொண்டனர். மேலே நாம் பழித்த எள்ளலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: இங்கே நகைப்பவரும் நகைக்கப்படுபவரும் ஒரே படகில் இருந்தனர்.

திட்டத்தின் உயிர்நாடி நடைப்பயிற்சி. ஒவ்வொருவருக்கும் பெடோமீட்டர் என்னும் காலடி எண்ணும் கருவி வழங்கப்பட்டது. முதலில் தாம் வழக்கமாக நடக்கும் காலடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டனர். பின்னர் அவ்வெண்ணிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டினர். மூவாயிரம் நடப்பவரும் எட்டாயிரம் நடப்பவரும் தம்முள் போட்டியிடவில்லை. ஒவ்வொருவரும் தம் சென்ற வாரக் கணக்கோடு மட்டுமே போட்டியிட்டனர். என் கருத்தில் இத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறு இதுவே. பல்லாண்டுகள் அசையாதிருந்த உடலை முதல்நாளே ஓடச் சொன்னால் மூட்டு வலிக்கும். மறுநாள் அவர் வரமாட்டார்.

ஓராண்டுக்குப்பின் எடை பார்த்தனர். பயிற்சி பெற்றோர் சராசரியாக ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தனர். காத்திருந்தோர் குறைந்தது அரைக் கிலோவுக்குச் சற்று மிகுதி. இரத்த அழுத்தமும் பயிற்சி பெற்றோரிடம் தாழ்ந்திருந்தது. முடிவுகள் 2014-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஐந்தரைக் கிலோ கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைவதே உடலுக்கு நன்மை தரும் என்பர் மருத்துவர்.

மூன்றரை ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் எடை பார்த்தபோது, தொடக்க எடையைவிட 2.9 கிலோ குறைவாக இருந்தனர். இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், பன்னிரண்டு வாரப் பயிற்சியின் பயன் மூன்றாண்டு கடந்தும் பாதியளவு நின்றது சிறு செய்தியன்று.

எல்லை கடந்த திட்டம்

இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. கனடாவில் பனிவளைத்தடி ஆட்டமும், நியூசிலாந்தில் ரக்பியும் இதற்குப் பயன்பட்டன. எந்த ஊரில் எந்த ஆட்டத்தின்மேல் அன்போ, அந்த ஆட்டமே வாயில்.

ஐரோப்பாவில் ‘யூரோஃபிட்’ என்னும் பெயரில் இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்ச்சுகல் ஆகிய நான்கு நாடுகளின் 15 கழகங்களில் 1,113 ஆண்களைக் கொண்டு ஆய்வு நடைபெற்றது. ஆர்சனல், எவர்ட்டன், பென்ஃபிகா, போர்ட்டோ போன்ற புகழ்பெற்ற கழகங்கள் அவற்றுள் அடங்கும். இங்கே இரண்டு நோக்கங்கள்: நடை கூட வேண்டும், உட்காரும் நேரம் குறைய வேண்டும். ஓராண்டுக்குப்பின், பயிற்சி பெற்றோர் மற்றவரைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 678 காலடி மிகுதியாக நடந்தனர். உட்காரும் நேரமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நடக்கக் கற்ற மனிதர், நாற்காலியையும் விடவில்லை!

678 காலடி என்பது எவ்வளவு தொலைவு? ஓர் எட்டு 75 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலிலிருந்து பரதேசி யூதத் தொழுகைக்கூடம் வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ அவ்வளவு ஆகும். சிறிது எனத் தோன்றும். ஒரு நாளில் அல்ல, ஓராண்டின் எல்லா நாள்களிலும் அதனைக் கூட்டிப் பாருங்கள்.

காலடி என்றவுடன் ‘பத்தாயிரம்’ என்னும் எண் பலர் நினைவுக்கு வரும். அது மருத்துவர் ஆய்ந்து கண்ட எண் அன்று. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று தான் விற்ற கருவிக்குப் ‘பத்தாயிரம் காலடி அளவி’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. பெயர் நிலைத்தது, எண்ணும் நிலைத்தது. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த கட்டுரை, அறுபது வயது கடந்தோருக்கு 6,000 முதல் 8,000 வரையும், அவர்களினும் இளையோருக்கு 8,000 முதல் 10,000 வரையும் நடந்தாலே பெரும்பயன் கிட்டிவிடுவதைக் காட்டியது. அதனினும் குறைவாக நடப்போரும், நேற்றைவிடச் சிறிது கூட்டினால் பயன் பெறுவர்.

நம் மண்ணில்

ஆண்களை நாடிச் செல்லும் முயற்சி நம் பக்கத்திலும் நிகழ்ந்துள்ளது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களைத் தேர்ந்தனர். பாதிப் பேருக்கு உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைப்பேசிக்குத் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில், செய்தி பெற்றோரில் நூற்றுக்குப் 18 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இது 2013-இல் வெளியான முடிவு. மருத்துவமனைக்கு வர நேரமில்லாதவரின் சட்டைப்பைக்குள் மருத்துவமனையே சென்றது எனலாம்.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், அக்கம்பக்கத்தார் குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் திட்டம் ஒன்று ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆண்கள், பெண்களிடையே நடத்தப்பட்டது. நீரிழிவு வருவதில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை; ஆனால் பழமும் காய்கறியும் உண்பது கூடியது. கூடி முயன்றால் எல்லாம் கைகூடிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதனையும் இங்குக் கூறுகிறோம்.

மட்டாஞ்சேரியில் இதனைத் தொடங்கப் பெரிய அரங்கு வேண்டுமா? ஃபோர்ட் கொச்சியில் பரேடு மைதானம் இருக்கிறது. வெளி மைதானம் இருக்கிறது. மாலைதோறும் அங்கே சிறுவர்கள் பந்தாடுகின்றனர். அவர்களை அழைத்து வரும் தந்தையர் ஓரமாக வண்டியில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கின்றனர். பயிற்றுநர் ஒருவர் அவர்களை நோக்கி, “பிள்ளைகள் ஆடி முடிக்கும்வரை நீங்கள் மைதானத்தைச் சுற்றி வாருங்கள்” என்று அழைத்தால் போதும். ஸ்காட்லாந்தில் செய்ததன் பாதி அங்கே தொடங்கிவிடும். பருவமழை நாள்களில் என்செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கொச்சி மழை குடைக்கு அஞ்சுவதில்லை. அந்நாள்களில் வீட்டுக் கூடத்திலோ மாடிப்படியிலோ காலடிகளைக் கூட்ட வேண்டியதுதான்.

நெடுங்காலம் நடவாதவரும், இதயநோய், நீரிழிவு உடையவரும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குதல் வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். அவ்வேகத்தில் வாரத்திற்கு 150 நிமிடம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் குறைந்த அளவு.

சொல்லும் பொருளும்

கழகம் – ஒரு நோக்கத்திற்காகக் கூடிய அமைப்பு
ஒல்லாந்தர் – டச்சு நாட்டார்
பண்டகசாலை – சரக்குகளைச் சேர்த்து வைக்கும் கூடம்
எட்டு – நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓரடித் தொலைவு
எள்ளல் – இகழ்ந்து நகைத்தல்
கைகூடுதல் – நிறைவேறுதல்

ஒரே சொல், இரு மொழி

‘வண்ணம் கூடிவிட்டது’ என்று மலையாளத்தில் கூறினால் உடல் பருத்துவிட்டது என்று பொருள். தமிழில் வண்ணம் என்பது நிறம். ‘தடி’ மலையாளத்தில் பருமனையும் மரத்தையும் குறிக்கும். தமிழில் கோலைக் குறிக்கும். ‘களி’ அங்கே விளையாட்டு. இங்கே மகிழ்ச்சி, கிண்டி உண்ணும் உணவும்கூட. இவ்வாறு பொருள் மாறிய சொற்கள் மூன்றினை நீங்கள் வீட்டிலும் வகுப்பிலும் கேட்டு எழுதுக.

மதிப்பீடு

1. ஆண்கள் எடைகுறைப்புக் குழுக்களில் சேரத் தயங்கியது ஏன்? கால்பந்து அரங்கு அத்தயக்கத்தை எவ்வாறு நீக்கியது?
2. ‘ஒவ்வொருவரும் தம் சென்ற வாரக் கணக்கோடு மட்டுமே போட்டியிட்டனர்’ – இம்முறையின் நன்மை யாது?
3. 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுக. இந்தியருக்குரிய அளவின்படி அது எவ்வகை?
4. யூரோஃபிட் திட்டத்தின் இரு நோக்கங்களில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை? காரணம் என்னவாக இருக்கலாம் என்று உங்கள் கருத்தை எழுதுக.
5. பிரித்து எழுதுக: காலடி, விளையாட்டரங்கு, நடைப்பயிற்சி, அவ்வெண், ஒவ்வொருவர்.

கற்பவை கற்றபின்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதைப் படித்து, உண்ணும் அளவு பற்றி அது கூறுவதை உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

உம் தந்தை, மாமா, சித்தப்பா, தாத்தா ஆகியோருள் ஒருவரைத் தேர்ந்து, “இன்று எத்தனை காலடி நடந்தீர்கள்?” என்று ஏழு நாள் கேட்டு அட்டவணையில் குறிக்க. கைப்பேசியிலேயே காலடி எண்ணும் வசதி இருக்கும். எட்டாம் நாள் அவரோடு நீங்களும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வழியில் நிகழ்ந்த உரையாடலைப் பத்து வரிகளில் எழுதி வருக.